கன்சோல் சர்வரும் உங்கள் லேப்டாப்பும்: முதல் இணைப்பு

ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் என்று நெட்வொர்க் சாதனம் எதை எடுத்தாலும் அதில் ‘கன்சோல்’ என்று எழுதிய போர்ட் ஒன்று தனியாக இருக்கும். பெரும்பாலும் நெட்வொர்க் கேபிள் செருகும் ஆர்ஜே45 போர்ட் மாதிரியே தெரியும். ஆனால் அதற்குள் ஓடுவது ஈதர்நெட் இல்லை. 1960-இல் முதன்முதலாக வெளிவந்த ஆர்எஸ்-232 என்ற சீரியல் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்) தரத்தைத்தான் அது இன்றும் பேசுகிறது. ஐபி முகவரி தேவையில்லை, கேட்வே தேவையில்லை. பவர் கொடுத்த சில நொடிகளில், சாதனம் பூட் ஆகும் வரிகள் ஒவ்வொன்றாக அந்தப் போர்ட்டில் வந்து விழத் தொடங்கிவிடும். கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) மொத்தமும் அழிந்துபோன ரவுட்டர்கூட கன்சோலில் கூப்பிட்டால் பதில் சொல்லும். நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் இந்தப் போர்ட்டைக் கடைசி நம்பிக்கையாக வைத்திருப்பது அதனால்தான்.

ஒரே ஒரு குறை. கன்சோல் கேபிளைச் செருக வேண்டுமென்றால் சாதனங்களை அடுக்கி வைத்த அந்த ரேக்குக்கு முன்னால் ஆள் நிற்க வேண்டும். கேபிளை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. பழைய ஆர்எஸ்-232 தரம் சொன்ன நீளம் சுமார் 15 மீட்டர்தான். சாதனங்கள் வேறு ஊர் டேட்டா சென்டரில் இருந்தால், நடு இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அந்த ஓட்டத்தை மிச்சப்படுத்துகிற கருவிதான் கன்சோல் சர்வர். அதன் ஒரு பக்கம் 8, 16, 32, 48 என்று சீரியல் போர்ட்டுகள் வரிசையாக இருக்கும். இன்னொரு பக்கம் ஒன்றோ இரண்டோ ஈதர்நெட் போர்ட். ரேக்கில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் கன்சோலையும் ஒரு சீரியல் போர்ட்டில் செருகிவிடுவார்கள். நீங்கள் எங்கிருந்தாலும் நெட்வொர்க் வழியாகக் கன்சோல் சர்வருக்குள் நுழைந்து, ஐந்தாம் போர்ட்டைத் திற என்று சொன்னால், ஐந்தாம் போர்ட்டில் இருக்கும் ரவுட்டரின் கன்சோல் உங்கள் திரையில் வந்து நிற்கும். 1990-களில் இந்த வேலைக்காகவே சிஸ்கோ 2511 ரவுட்டரை வாங்கி ரேக்கில் வைத்தவர்கள் நிறைய. 16 சீரியல் இணைப்புகள், அதற்கு எட்டு எட்டாகக் கிளை பிரியும் இரண்டு ஆக்டல் கேபிள்கள். இன்று ஓப்பன்கியர், லான்ட்ரானிக்ஸ், பெர்ல், வெர்டிவ், ராரிட்டன் போன்ற நிறுவனங்கள் தனிக் கருவியாகவே விற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கன்சோல் சர்வருக்குப் போகும் வழி, அது காப்பாற்ற வேண்டிய நெட்வொர்க்கின் வழியாகவே போனால் பயனில்லை. நெட்வொர்க் விழுந்த அன்று அந்த வழியும் சேர்ந்து விழுந்துவிடும். அதனால் தனி இணையக் கோடு, 4ஜி சிம், தனி மேனேஜ்மென்ட் ஸ்விட்ச் என்று ஏதாவது ஒரு மாற்று வழி கொடுப்பார்கள். இதற்கு அவுட் ஆஃப் பேண்ட் என்று பெயர். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் பல மணி நேரம் முடங்கின அல்லவா? வழக்கமான நெட்வொர்க்கோடு அவுட் ஆஃப் பேண்ட் வழியும் அன்று செத்துக் கிடந்தது, ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனமே பிறகு எழுதியது. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை முழுதும் நின்றபோதும் இதே கதைதான். அவர்களுடைய மேனேஜ்மென்ட் நெட்வொர்க், விழுந்துபோன அதே ஐபி கோரை (மைய நெட்வொர்க்கை) நம்பி இருந்தது. அவ்வளவு பெரிய இடங்களிலேயே தடுமாற வைத்த விஷயம் இது. ஆரம்பிக்கும்போதே சரியாக ஆரம்பிப்பது நல்லது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, முதல் நாளுக்கு வருவோம்.

பெட்டியைத் திறந்ததும்

புதுக் கன்சோல் சர்வரில் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. நீங்கள் கொடுக்க நினைக்கும் ஐபி முகவரி அதற்குத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு முகவரியோடு வரும். ஓப்பன்கியர் கருவிகளை எடுத்துக்கொள்வோம், பலர் கையில் இருப்பவை. முதல் ஈதர்நெட் போர்ட்டில் 192.168.0.1 என்ற நிலையான முகவரி, மாஸ்க் 255.255.255.0. கூடவே டிஹெச்சிபி-யிலும் (நெட்வொர்க்கிலிருந்து முகவரியைத் தானாக வாங்கும் முறை) ஒரு முகவரி கேட்டுப் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மற்ற நிறுவனங்களில் முகவரி வேறாக இருக்கும். ராரிட்டனின் டொமினியன் எஸ்எக்ஸ் என்றால் 192.168.0.192. உங்கள் கருவிக்கு எது என்பதைக் கூட வரும் சின்னக் கையேட்டிலோ அடியில் ஒட்டிய லேபிளிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைய இரண்டு வழிகள். ஒன்று, லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளால் நேரடியாக இணைத்து பிரவுசரில் திறப்பது. இன்னொன்று, கன்சோல் சர்வருக்கே இருக்கும் கன்சோல் போர்ட்டில் சீரியல் கேபிள் போடுவது. முதல் வழியில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அதை நிதானமாகப் பார்ப்போம்.

கேபிள் சாதாரண நெட்வொர்க் கேபிள் போதும். முன்பெல்லாம் இரண்டு கருவிகளை நேராக இணைக்க கிராஸ்ஓவர் கேபிள் தேட வேண்டியிருந்தது. ஜிகாபிட் போர்ட்டுகள் எந்த ஜோடிக் கம்பியில் எது வருகிறது என்பதைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வதால் இப்போது அந்தக் கவலை இல்லை. கேபிளை எங்கே செருகுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கன்சோல் சர்வரின் பின்பக்கம் வரிசையாக இருக்கும் சீரியல் போர்ட்டுகளும் ஆர்ஜே45 வடிவம்தான். அவசரத்தில் அவற்றில் ஒன்றில் செருகிவிட்டு லேப்டாப்போடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. நெட்1 என்றோ லேன்1 என்றோ எழுதியிருப்பதைத் தேடி அதில் செருகுங்கள். சரியான இடமென்றால் போர்ட்டின் ஓரத்தில் விளக்கு எரியும். விளக்கு எரியாதவரை திரையில் என்ன செய்தும் பலனில்லை.

முகவரியை ஏன் மாற்ற வேண்டும்?

கேபிள் போட்டாயிற்று, விளக்கும் எரிகிறது. பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தால் எதுவும் வராது. ஏன்?

லேப்டாப் வழக்கம்போல டிஹெச்சிபி-யில் முகவரி கேட்டிருக்கும். நேர் கேபிளின் மறுமுனையில் முகவரி கொடுக்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். இந்த எண் திரையில் தெரிந்தாலே, எனக்கு முகவரி கொடுக்க யாரும் இல்லை என்று லேப்டாப் சொல்கிறது என்று அர்த்தம். பழகப் பழக அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் கை தானாக நெட்வொர்க் அமைப்புப் பக்கத்துக்குப் போய்விடும்.

இப்போது லேப்டாப் 169.254-இல் இருக்கிறது, கன்சோல் சர்வர் 192.168.0.1-இல் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு கேபிள்தான், இரண்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனாலும் பேச முடியாது. ஒரே தெருவில் இருப்பவர்களை வாசலில் நின்று குரல் கொடுத்துக் கூப்பிடலாம். வேறு தெருவில் இருப்பவருக்குச் செய்தி போக வேண்டுமென்றால் இடையில் ஒருவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐபி-யில் அந்த இடையாள்தான் கேட்வே. 192.168.0.1 தன் தெருவில் இல்லை என்று லேப்டாப் முடிவு செய்கிறது, கேட்வேயைத் தேடுகிறது, கேட்வே யாரும் இல்லை, பாக்கெட்டை அனுப்பாமலே கைவிட்டுவிடுகிறது. கேபிளில் ஒரு பிட்கூடப் போவதில்லை.

தன் தெரு எது என்று லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால், நான்கு எண்களில் முதல் மூன்றும் அச்சாக ஒத்துப்போக வேண்டும், நான்காவது எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். கன்சோல் சர்வரின் முதல் மூன்று எண்கள் 192, 168, 0. ஆக, லேப்டாப்புக்கும் 192.168.0 என்றே தொடங்கும் முகவரி வேண்டும். நான்காவது எண் 2 முதல் 254 வரை எதுவும் இருக்கலாம். 1 மட்டும் கூடாது, அது கன்சோல் சர்வரிடம் இருக்கிறது. 0-வும் 255-உம் அந்த சப்நெட்டுக்கே ஒதுக்கப்பட்டவை. நான் வழக்கமாக 192.168.0.100 என்று வைப்பேன்.

அப்படி வைத்ததும் நடப்பது இதுதான். லேப்டாப் பார்க்கிறது: என் முதல் மூன்று எண்ணும் அதன் முதல் மூன்று எண்ணும் ஒன்று, அப்படியானால் கேட்வே வேண்டாம். உடனே கேபிளில் எல்லோருக்குமாக ஒரு கேள்வியை அனுப்புகிறது: 192.168.0.1 யாரிடம் இருக்கிறது, உன் மேக் முகவரி என்ன? கன்சோல் சர்வர் தன் மேக் முகவரியை, அதாவது அந்தப் போர்ட்டின் வன்பொருள் எண்ணைச் சொல்கிறது. ஏஆர்பி எனப்படும் இந்தக் கேள்வி பதில் முடிய ஒரு நொடிகூட ஆகாது. அதற்குப் பிறகு இரண்டும் தாராளமாகப் பேசிக்கொள்ளும்.

மாற்றும் விதம்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட். ஐபி அசைன்மென்ட் என்ற வரிக்குப் பக்கத்தில் உள்ள எடிட்டை அழுத்தினால் ஆட்டோமேட்டிக் என்றிருப்பதை மேனுவல் ஆக்கலாம். ஐபிவி4-ஐ இயக்கி, முகவரி 192.168.0.100, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். விண்டோஸ் 10-இல் மாஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் சப்நெட் ப்ரிஃபிக்ஸ் லெங்த் என்று கேட்கும்; அங்கே 24 என்று அடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான், 255.255.255.0 என்பதை இருமத்தில் எழுதினால் 24 ஒன்றுகள் வரும். கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக விட்டுவிடலாம். இரண்டு பேருக்குள் பேசிக்கொள்ள அவை தேவையில்லை.

ஆப்பிள் மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், அதில் உங்கள் யுஎஸ்பி லேன் அடாப்டர், டீட்டெய்ல்ஸ், டிசிபி-ஐபி. கன்ஃபிகர் ஐபிவி4 என்பதை மேனுவலி ஆக்குங்கள். லினக்ஸில் டெர்மினலிலேயே முகவரியைச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். டெஸ்க்டாப் லினக்ஸ் என்றால் நெட்வொர்க் மேனேஜர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்; டிஹெச்சிபி கிடைக்காத எரிச்சலில் நீங்கள் சேர்த்த முகவரியையும் சேர்த்து அது துடைத்துவிடும். அதனால் அங்கேயும் ஒயர்டு இணைப்பின் அமைப்புக்குள் போய் ஐபிவி4-ஐ மேனுவலாக வைப்பதே நிம்மதி.

ஒன்றை மறக்காதீர்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நிறைய நேரத்தைத் தின்பது இதுதான். டி-லிங்க் உட்படப் பல வீட்டு ரவுட்டர்களின் முகவரியும் 192.168.0.1-தான். வைஃபை அப்படிப்பட்ட ரவுட்டரோடு சேர்ந்திருந்தால் லேப்டாப்புக்கு 192.168.0 என்ற ஒரே சப்நெட் இரண்டு பக்கம் தெரியும், வைஃபை பக்கம் ஒன்று, கேபிள் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை அது தானே தீர்மானிக்கும். நீங்கள் கன்சோல் சர்வர் என்று நினைத்து வைஃபை ரவுட்டரின் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள். ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். சில விபிஎன்கள் பக்கத்து முகவரிகளுக்குப் போவதையும் தம் வழியாக இழுத்துக்கொள்ளும்.

பிங் என்ன சொல்கிறது

பிரவுசருக்கு முன்னால் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை) போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் என்று அடித்து, இடம் விட்டு 192.168.0.1. பதில் வந்தால் சரி. வராவிட்டால், எப்படி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் சொல்லும் மூன்று விதமான செய்திகளுக்கும் மூன்று அர்த்தம் உண்டு.

ஜெனரல் ஃபெயிலியர் என்று வந்தால், பாக்கெட்டை அனுப்பவே வழி தெரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் முகவரி இன்னும் மாறவில்லை, 169.254-லேயே நிற்கிறது, அல்லது விளக்கு எரியவில்லை. டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று வந்தால், அந்த வரியில் யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் சொந்த முகவரி, 192.168.0.100-தான் இருக்கும். அதாவது லேப்டாப் கேள்வி கேட்டது, மறுமுனையிலிருந்து ஏஆர்பி பதிலே வரவில்லை. முகவரி சரி, ஆனால் கேபிள் வேறு எதிலோ செருகியிருக்கிறது, அல்லது கன்சோல் சர்வரின் முகவரி நீங்கள் நினைப்பது இல்லை. ஏற்கெனவே வேறு யாரோ பயன்படுத்திய கருவி கைக்கு வரும்போது இப்படி நடக்கும். ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்றால் பாக்கெட் போகிறது, பதில் மட்டும் வரவில்லை. பிங்குக்குப் பதில் சொல்லாதபடி யாரோ அமைத்திருக்கலாம், பிரவுசரில் ஒரு முறை முயன்று பாருங்கள். கருவி இப்போதுதான் பவர் வந்து எழுந்துகொண்டிருக்கிறது என்றால் சில நிமிடம் பொறுங்கள். உள்ளே முழு லினக்ஸ் ஓடுவதால் பூட் ஆக நேரம் எடுக்கும்.

பழைய கருவி, முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது என்றால் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவதே சுருக்கமான வழி. அதற்கென்று ஒரு சின்னத் துளைக்குள் பட்டன் இருக்கும். எத்தனை முறை, எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். விரித்த பேப்பர் கிளிப்போ பேனா முனையோ போதும். பென்சில் வேண்டாம், அதன் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். முனை உடைந்து உள்ளே விழுந்தால் சிக்கல்.

பிரவுசர் மிரட்டும், பயப்பட வேண்டாம்

முகவரிப் பட்டியில் 192.168.0.1-க்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்து அடியுங்கள். இந்த இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். கருவி தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அதை உறுதிசெய்ய வெளியாள் யாரும் இல்லை, அதனால்தான். நடுவில் ஒரே ஒரு கேபிள் மட்டும் இருக்கும் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி உள்ளே போகலாம். அலுவலக நெட்வொர்க்கில் வைத்த பிறகும் இதே எச்சரிக்கையைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், முறையான சான்றிதழ் ஒன்றை ஏற்றிவிடுங்கள்.

லாகின் பக்கம் வந்ததும், ஓப்பன்கியரில் பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு டிஃபால்ட். இரண்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில். உள்ளே போனதும் முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். இப்போது வரும் பல கருவிகளில் அதை மாற்றாமல் ஒரு அடி நகர முடியாது. சிலவற்றில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி பாஸ்வேர்டு லேபிளில் அச்சிட்டு வரும். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள சட்டமும் இதற்கு ஒரு காரணம். நெட்வொர்க்கில் சேரும் கருவி தனித்தனி பாஸ்வேர்டோடு வர வேண்டும், இல்லையென்றால் முதல் நுழைவிலேயே மாற்ற வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் ஒன்று. கன்சோல் சர்வரின் பாஸ்வேர்டு கையில் இருப்பவருக்கு அந்த ரேக்கில் உள்ள அத்தனை சாதனத்தின் வாசலும் திறந்திருக்கிறது.

அடுத்து நெட்வொர்க் அமைப்புக்குப் போய், இந்தக் கருவி இனி இருக்கப்போகும் இடத்துக்கான முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் கொடுங்கள். இங்கே கேட்வே அவசியம், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் வேறு தெருவிலிருந்துதான் வரப்போகிறீர்கள். சேமி என்று அழுத்தியதும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். புதியவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். எதுவும் கெட்டுப்போகவில்லை. கருவி புது முகவரிக்குப் போய்விட்டது, உங்கள் பிரவுசர் பழைய முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. உதாரணமாக 10.20.30.5 என்று கொடுத்திருந்தால், லேப்டாப்புக்கு 10.20.30.100 என்று இன்னொரு முறை முகவரி மாற்றித் திரும்ப நுழையலாம். அல்லது கருவியை அதற்குரிய ஸ்விட்ச்சில் செருகிவிட்டு, லேப்டாப்பை ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பி, உங்கள் இருக்கையிலிருந்தே புது முகவரியில் திறக்கலாம். சேமிப்பதற்கு முன் அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் எந்த முகவரியில் தேடுவது என்று தெரியாமல் போய்விடும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் டிஹெச்சிபி வழி இருக்கிறது. கருவியை நேராக அலுவலக ஸ்விட்ச்சில் செருகினால் தானாக ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும். டிஹெச்சிபி சர்வரின் பட்டியலில், கருவியின் லேபிளில் உள்ள மேக் முகவரியைத் தேடினால் எந்த ஐபி என்று தெரிந்துவிடும். வசதிதான். எனக்கு மனம் ஒப்பாதது ஒன்றே ஒன்று: டிஃபால்ட் பாஸ்வேர்டோடு ஒரு கருவி, கொஞ்ச நேரமானாலும், பலர் இருக்கும் நெட்வொர்க்கில் நிற்கிறது. நேர் கேபிளில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நெட்வொர்க்கில் வைப்பதையே நான் சொல்வேன்.

சீரியல் வழி

நெட்வொர்க் வழி ஒத்துவராதபோது, கன்சோல் சர்வரின் சொந்தக் கன்சோல் போர்ட் கைகொடுக்கும். லேப்டாப்புகளில் இப்போது சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். எஃப்டிடிஐ சிப் உள்ளதாக வாங்குங்கள், டிரைவர் தொல்லை குறைவு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம்3, காம்4 என்று ஏதாவது எண்ணில் அது தெரியும். புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் சீரியல் என்பதைத் தேர்ந்து, அந்த எண்ணையும் வேகத்தையும் கொடுத்துத் திறந்து, என்டரை இரண்டு முறை தட்டுங்கள்.

வேகம்தான் இங்கே சூட்சுமம். ஓப்பன்கியரின் சொந்தக் கன்சோலுக்கு 115200. சிஸ்கோ சாதனங்களில் வழக்கமாக 9600. எட்டு டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்பது இரண்டுக்கும் பொது. இதை எட்டு-என்-ஒன்று என்பார்கள். வேகம் பொருந்தாவிட்டால் திரையில் புரியாத குறிகள் கொட்டும். அது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கேபிள் சரி, வேகம் மட்டும் தவறு. எதுவுமே வராமல் திரை கறுப்பாகவே இருந்தால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட் பிட்டும் ஸ்டாப் பிட்டும் சேர்த்துப் பத்து பிட், அதாவது நொடிக்கு 960 எழுத்து. 80க்கு 24 என்ற பழைய திரை ஒன்று நிரம்ப இரண்டு நொடி. நீளமான கான்ஃபிக் ஒன்று வரி வரியாக இறங்குவதைப் பார்க்கும்போது இணைப்பில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம், அதன் இயல்பான நடையே அதுதான்.

சாதனங்களைச் சேர்ப்பது

கன்சோல் சர்வருக்குள் நுழைந்தாயிற்று, இனி சீரியல் போர்ட்டுகள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிர்முனையில் உள்ள சாதனத்தின் வேகத்தைக் கொடுக்க வேண்டும். கேபிளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்ஜே45 சீரியலில் எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்பதற்கு ஒரே விதி இல்லை. சிஸ்கோ முறையில் மூன்றாவது பின் அனுப்புவது, ஆறாவது பின் வாங்குவது. இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால், 1-லிருந்து 8 வரை அப்படியே தலைகீழாகத் திருப்பிய ரோல்ஓவர் கேபிள் வேண்டும். கன்சோல் சர்வரின் போர்ட்டே ஏற்கெனவே எதிர் வரிசையில் இருந்தால் சாதாரண நெட்வொர்க் கேபிள் போதும். பல கருவிகளில் இதை அமைப்புப் பக்கத்திலேயே போர்ட்டுக்குப் போர்ட் மாற்றலாம். என்டர் தட்டியும் பதிலே வராத போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் வைத்துவிடுங்கள். போர்ட் 5 என்பதைவிட, மூன்றாம் ரேக் கோர் ரவுட்டர் என்பது நெட்வொர்க் விழுந்த இரவில் எவ்வளவு உதவும் என்பது அன்றைக்குத் தெரியும். ஓப்பன்கியரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) மூலம் ஒரு போர்ட்டுக்கு நேராகப் போக 3000-உடன் போர்ட் எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் போர்ட்டுக்கு 3005. அதே வேலைக்கான பழைய முறையான டெல்நெட் என்றால் 2000-இலிருந்து எண்ண வேண்டும், ஆனால் பாஸ்வேர்டைத் திறந்தபடி அனுப்பும் டெல்நெட்டை அணைத்துவிடுவதே முறை.

கடைசியாகச் சோதனை. கன்சோல் சர்வருக்குக் கொடுத்த மாற்று வழி உண்மையில் மாற்று வழிதானா என்று பார்க்க ஒரே முறைதான் உண்டு. அனுமதி வாங்கி, முக்கிய நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு, 4ஜி வழியாகவோ தனிக் கோட்டின் வழியாகவோ உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். அந்த வழிக்கு முன்னால் விபிஎன் இருக்க வேண்டும். லாகின் பக்கத்தைத் திறந்த இணையத்தில் அப்படியே விடக் கூடாது. லாகின் சரிபார்க்க உள் நெட்வொர்க்கில் இருக்கும் ராடியஸ் சர்வரை மட்டும் நம்பியிருந்தால் இந்த நேரத்தில் கதவு திறக்காது, அதனால் கருவிக்குள்ளேயே ஒரு லோக்கல் பயனரையும் வைத்திருங்கள். உள்ளே வந்து ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து என்டர் தட்டி, எதிர்முனைச் சாதனத்தின் ப்ராம்ப்ட் வருகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு சாதனத்திலும் எக்ஸிட் கொடுத்து லாக்அவுட் செய்த பிறகே வெளியே வாருங்கள். எஸ்எஸ்ஹெச் ஜன்னலை மூடினால் கன்சோல் சர்வரோடு உள்ள இணைப்புதான் அறும். ரவுட்டருக்கு அது தெரியாது, உங்கள் லாகின் கன்சோலில் அப்படியே திறந்து கிடக்கும். அடுத்து அந்தப் போர்ட்டைத் திறப்பவர் பாஸ்வேர்டே கொடுக்காமல் உங்கள் அதிகாரத்தோடு உள்ளே நிற்பார். சிஸ்கோவில் கன்சோல் லைனுக்கு எக்ஸெக் டைம்அவுட் ஐந்து நிமிடம் என்று வைத்துவிட்டால், யாராவது மறந்து போனாலும் ரவுட்டர் தானே மூடிக்கொள்ளும்.